நேர்மீட்சி: 'தானியங்கி மையப்படுத்தல்'னு எழுதுறத நிறுத்துங்க

'ஸ்டியரிங்கின் தானியங்கி மையப்படுத்தல் செயலிழந்தால்' அப்படின்னு ஆரம்பிக்கிற வரிய கார் பத்தின தமிழ்க் குறிப்புகள்ல திரும்பத் திரும்பப் படிச்சு சலிச்சுப் போச்சு. பட்டறையில யாரும் இப்படிப் பேசுறதில்ல. 'ஸ்டியரிங் ரிட்டர்ன் வரல'ம்பாங்க, அவ்வளவுதான், கேக்குறவருக்கும் உடனே புரியும்.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடுவோம். வளைவுல திருப்பி முடிச்சு கையத் தளர்த்துனா ஸ்டியரிங் தானா சுத்தி நேருக்கு வரணும். இத செய்யறது மோட்டாரோ ஸ்பிரிங்கோ இல்ல, முன் சக்கரம் எந்த அச்சுல திரும்புதோ அந்த அச்சோட சாய்வு. பக்கத்துல நின்னு பார்த்தா அச்சோட மேல்முனை கொஞ்சம் பின்னாடி சாஞ்சிருக்கும். அந்தக் கோட்ட அப்படியே தரை வரைக்கும் நீட்டுனா டயர் தரையத் தொடுற இடத்துக்கு முன்னாடி போய் விழும், அதாவது டயர் எப்பவும் தன் அச்சுக்குப் பின்னாடி இழுபட்டுக்கிட்டே வரும், அதனால நேராயிடும். இந்தச் சாய்வுக்குத்தான் கேஸ்டர்னு பேரு, பவர் ஸ்டியரிங் கார்கள்ல பொதுவா 3லருந்து 7 டிகிரி வரைக்கும் இருக்கும். முன்னாடி நின்னு பார்த்தா அதே அச்சு உள்பக்கமாவும் சாஞ்சிருக்கும், அதனால சக்கரத்தத் திருப்பும்போது வண்டியோட மூக்கு லேசா மேல எழும்பும், வண்டியோட எடையே அத மறுபடி கீழ இறக்கி நேராக்கும். மெதுவா போகும்போது இதோட பங்குதான் அதிகம். வேகத்துல போகும்போது டயர் ரப்பர் வளைஞ்சு கொடுக்குறதால பக்கவாட்டு விசை, டயர் தரையத் தொடுற பரப்போட நடுவுக்குக் கொஞ்சம் பின்னாடி விழுந்து அதுவும் நேராக்கும். (ஆக்கர்மன் அமைப்பாலதான் ரிட்டர்ன் வருதுன்னு எழுதுறவங்களும் இருக்காங்க. 1818ல லண்டன்ல காப்புரிமை வாங்குன அந்த அமைப்பு, வளைவுல உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தவிட கூடுதலா திரும்புறதுக்கானது. ரிட்டர்னுக்கு அது காரணம் இல்ல.)

கேஸ்டர்ங்கிறது இங்கிலீஷ் சொல். மேஜை, நாற்காலி காலுக்குக் கீழ சுழல்ற குட்டிச் சக்கரத்துக்கு வச்ச பேரு, காஸ்ட்ங்கிற வினைக்குத் 'திரும்பு'ன்னு ஒரு பழைய பொருள் இருந்துச்சு, அதுலருந்து வந்தது. சொல்லோட கதை அவ்வளவுதான்.

இப்ப 'தானியங்கி மையப்படுத்தல்'க்கு வருவோம். மையம்ங்கிறது தமிழ்ல ஒரு இடம். ஊர் மையம், வட்டத்தோட மையம்னு சொல்றோம். ஸ்டியரிங் வளையம் தன்னோட மையத்துலயேதான் சுத்துது, எத்தனை சுத்து சுத்துனாலும் மையத்த விட்டு நகர்றதே இல்ல. நகராததை எப்படி மையத்துக்குக் கொண்டு வர்றது? மாறுறது நேர்நிலை. நேரா இருந்தது கோணலாச்சு, மறுபடி நேராகுது. சின்னப் பிள்ளை கூட 'ஸ்டியரிங்க நேர் பண்ணு'ன்னுதான் சொல்லும், மையம் பண்ணுன்னு சொல்லாது.

மையத்தையாவது பொறுத்துக்கலாம், தானியங்கிய என்னால பொறுக்கவே முடியல. தானியங்கின்னா நம்ம மனசுல வர்றது ஏதோ ஒரு கருவி தானா வேலை செய்யுதுங்கிறது, தானியங்கி கதவு, தானியங்கி கியர் மாதிரி. அந்த வரியப் படிச்ச வண்டிக்காரர் என்ன நினைப்பார்? உள்ள ஏதோ சென்சார் போயிடுச்சு, ஃபியூஸ் பாக்கணும், ஸ்கேனர் போடணும்னு கெளம்பிடுவார். உண்மையில அங்க இருக்கிறது பெரும்பாலும் உராய்வு. சக்கரம் திரும்ப வழிவிடுற உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் கிரீஸ் வத்தி இறுகியிருக்கும், இல்ல ஸ்ட்ரட்டோட, அதாவது ஸ்பிரிங்கோட சேர்ந்த ஷாக் அப்சார்பரோட, மேல் பேரிங் தண்ணி போய் துருப்பிடிச்சு நின்னுருக்கும், ஸ்டியரிங் காலம்ல இருக்கிற யூனிவர்சல் ஜாயிண்ட் விறைச்சுருக்கும், இல்ல ஸ்டியரிங் சுத்துறத சக்கரத்துக்குக் கொண்டு போற பல்சட்டமான ரேக்க யாரோ ரொம்ப டைட் வச்சிருப்பாங்க. டயர்ல காத்து குறைஞ்சிருந்தாலும் ரிட்டர்ன் மந்தமாகும். பள்ளத்துல விட்டு, சக்கரத்தக் கீழ்ப்பக்கம் பிடிச்சிருக்கிற லோயர் ஆர்ம் வளைஞ்சு அச்சோட சாய்வே மாறியிருக்கலாம். முன்பக்கத்த ஜாக்கில தூக்கி சக்கரம் தரையத் தொடாம வச்சு கையால திருப்பிப் பார்த்தா, இறுக்கமா போனா உராய்வு, லேசா போனா சாய்வு, பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிடும். இதுக்கு ஸ்கேனர் வேணாம். தப்பான ஒரு சொல் ஆளத் தப்பான இடத்துல தேட விடுது, என் கோவமே அதுக்குத்தான்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வந்த கார்கள்ல மோட்டாரும் ரிட்டர்னுக்கு உதவுது, அங்க ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு அளக்கிற ஆங்கிள் சென்சாரோட கேலிபரேஷன் தப்பானாலும் ஸ்டியரிங் சரியா திரும்பாது, அத ஒத்துக்கிறேன். ஆனா அதுவும் சாய்வு செய்யற வேலைக்கு மேல வைக்கிற உதவிதான். உதவிக்கு வந்தத வச்சு மொத்தத்துக்கும் பேர் வைக்கிறது நியாயமில்ல.

இதவிட மோசம் கேஸ்டர் கோணத்த 'வார்ப்புக் கோணம்'னு எழுதுறது. காஸ்ட்னு பார்த்த உடனே அகராதியில இரும்பு வார்க்கிற பொருள எடுத்து ஒட்டியிருக்காங்க. ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், ஆனா பொருள் பிரிஞ்சு பல நூறு வருஷமாச்சு. அந்தக் கோணத்துல வார்ப்பு எங்க இருக்கு? கார் பக்கத்துல உக்காந்து சக்கரத்த ஒரு தடவை பார்த்திருந்தா இப்படி எழுதத் தோணியிருக்காது. மொழிபெயர்க்கிறவங்க பலர் சொல்லப் பாக்குறாங்களே தவிர பொருளப் போய்ப் பாக்குறதில்ல, கருவி, வண்டி, மருந்து எதப் பத்தின எழுத்தானாலும் இதே கதைதான்.

தூய தமிழ் வேணும்னு சொல்ற நண்பர்கள் ஸ்டியரிங்குக்கு 'சுக்கான்' போடுறாங்க. அது கப்பல் சொல், அரபில இருந்து வந்தது. வந்த சொல்லா இருக்கிறதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா தூய்மைங்கிற பேர்ல அதக் கொண்டு வராதீங்க. ஸ்டியரிங் ஸ்டியரிங்காவே இருக்கட்டும், எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்.

என்னோட பரிந்துரை 'நேர்மீட்சி'. மீள்ங்கிறது நம்ம வினை, விட்ட நிலைக்குத் திரும்பி வர்றது. ஊசல் ஆடுற பாடத்துல மீள்விசைன்னு ஏற்கனவே பழகின சொல்தான். எந்த நிலைக்கு மீளுதுங்கிறத 'நேர்' சொல்லிடுது. 'ஸ்டியரிங்கில் நேர்மீட்சி இல்லை'ன்னு எழுதுனா மெக்கானிக்குக்கும் புரியும், பரீட்சை எழுதுற பையனுக்கும் புரியும்.

கேஸ்டருக்கு 'பின்சாய்வு'. இதுல இன்னொரு லாபமும் இருக்கு. சக்கரக் கோணங்கள அளந்து தர்ற அலைன்மென்ட் ரிப்போர்ட்ல பிளஸ் கேஸ்டர், மைனஸ் கேஸ்டர்னு வரும், எது பிளஸ்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும். தமிழ்ல பிளஸ்னா பின்சாய்வு, மைனஸ்னா முன்சாய்வு, குறியே தேவையில்ல. பின்சாய்வு குறைஞ்சா நேர்மீட்சி குறையும். ரிவர்ஸ் எடுக்கும்போது அதே பின்சாய்வு எதிரா வேலை செய்யும், டயர் அச்சுக்கு முன்னாடி போற மாதிரி ஆகுறதால சக்கரம் இன்னும் திரும்பத்தான் பாக்கும், அங்க ரிட்டர்ன் வரலைன்னு பட்டறைக்கு ஓட வேண்டியதில்ல. 'தானியங்கி'ய வச்சுக்கிட்டு இதை விளக்கிப் பாருங்க, முடியாது.

நேர்மீட்சி பிடிக்கலைன்னா 'ரிட்டர்ன்'னே எழுதுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க, ஆனா பட்டறையில ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.