பெட்ரோல் குடிக்கும் இன்ஜின்: சென்சாரை மாற்றும் முன்

"அண்ணே, லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி இப்போ 11தான் கொடுக்குது. ஆக்சிஜன் சென்சாரை ரெண்டு தடவை மாத்தியாச்சு." வந்தவர் அலுத்துப்போயிருந்தார். சைலன்சர் முனையை விரலால் தொட்டேன், கண்மை போல ஒட்டியது. வண்டிக்குப் பின்னால் இரண்டு நிமிடம் நின்றதில் பெட்ரோல் வாடைக்குக் கண் எரிந்தது. பிளக்கைக் கழற்றினால், நுனி முழுக்கக் காய்ந்த கரி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சந்தேகமே வேண்டாம், இன்ஜின் ரிச்சாக ஓடுகிறது.

ரிச் என்றால் காற்றின் அளவுக்கு மேல் பெட்ரோல் சேர்வது. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனால் கலந்திருந்தால் கொஞ்சம் குறைவு. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. எரிந்தபின் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, கணக்கு சரியா தப்பா என்று சொல்வது ஆக்சிஜன் சென்சாரின் வேலை. அந்தத் தகவலை வைத்துக் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தத்தை, வண்டியில் செருகிப் படிக்கும் ஸ்கேனரில் 'ஃபியூல் டிரிம்' என்ற பெயரில் சதவீதமாகப் பார்க்கலாம். ஐந்து சதவீதம் இப்படி அப்படி இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பத்தைத் தாண்டினால்தான் பேனட்டுக்குள் தேட வேண்டும்.

ஆனால் பலர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பிழைக் குறியீட்டை மட்டும் படிக்கிறார்கள். இந்த வண்டியிலும் பி0172 வந்திருந்தது. கலவை ரிச்சாக இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. இருந்தும், கலவையைப் பற்றிப் புகார் கொடுத்தது ஆக்சிஜன் சென்சார் என்பதால் அதையே மாற்றிவிட்டார்கள். உண்மையைச் சொன்னவனுக்கே தண்டனை!

டிரிம்மில் முதலில் பார்க்க வேண்டியது அதன் குறி. மைனஸில் இருந்தால், பெட்ரோல் அதிகம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் குறைத்துக்கொண்டே வருகிறது, ஆனால் எங்கிருந்தோ மேலும் வந்து சேர்கிறது என்று பொருள். பிளக் கரியாக இருந்தும் டிரிம் பிளஸ்ஸில் இருந்தால் கதை வேறு. கலவை லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருக்கிறது என்று யாரோ கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறார்கள், அது நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் இப்படி ஏமாற்றும். ஒரு சிலிண்டரில் பிளக் சரியாகப் பற்றவைக்காவிட்டாலும் இதே நிலைதான்: செலவாகாத ஆக்சிஜன் வெளியே வரும், அதோடு வரும் எரியாத பெட்ரோலைச் சென்சார் கணக்கில் எடுக்காது. நிஜமாகவே கெட்ட சென்சாரும் இந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் நான் அதைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

நம் வண்டியில் டிரிம் மைனஸ் 25. அதற்கு மேல் குறைக்க வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. மற்ற எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அரை மணி நேரம் ஓடி வந்த இன்ஜின், தொட்டால் சுடுகிறது; ஸ்கேனரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை 22 டிகிரி! கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இது விடிகாலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்த இன்ஜின். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டும் என்பது அதற்குக் கற்பித்த பாடம், அதைத் தவறாமல் செய்கிறது.

அப்படியானால் கூலன்ட் சென்சாரை மாற்றலாமா? இங்கேயும் அவசரம் கூடாது. இந்தச் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சென்சாரில் நேரடியாக மீட்டர் வைத்தேன்: 300 ஓம். சென்சார் யோக்கியன். கனெக்டரைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. அந்தக் களிம்பு சேர்த்த தடையைத்தான் கம்ப்யூட்டர் குளிர் என்று படித்திருக்கிறது. பின்னை மாற்றினேன், ஸ்கேனரில் எண் 80ஐத் தாண்டியது. எந்தச் சென்சாரும் வாங்க வேண்டியிருக்கவில்லை. பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனை ஓட விடுவதும் இதே எண்தான் என்பதால், அது பொய்யாக இருந்தால் நெரிசலில் நிற்கும்போது இன்ஜினே சூடாகிப்போகலாம்.

எல்லா வண்டியிலும் களிம்பு கிடைக்காது. டிரிம் ஐட்லிங்கில் படு மைனஸாக இருந்து, 2500 ஆர்.பி.எம்.மில் சரியானால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதோ, டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதோ என்று நினைப்பேன். கசிவது கொஞ்சம்தான், காற்று கூடும்போது அது கரைந்துபோகும். பர்ஜ் ஹோஸை அழுத்திப் பிடித்ததும் டிரிம் ஏறினால் விஷயம் முடிந்தது. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரில் வேக்கம் ஹோஸ் உள்ள வண்டியென்றால் அதைப் பிடுங்கி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழிந்துவிட்டது. பலரும் மறப்பது ஆயில் குச்சி. அதில் பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, கோளாறைச் சரிசெய்தபின் ஆயிலையும் மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அதன் ஆவியே திரும்ப உள்ளே போய்க் கலவையை ரிச்சாக்கிக்கொண்டிருக்கும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் ரிச்சாகும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்ஷன் வண்டி உள்ளே வரும் காற்றை அளந்துதான் தெளிக்கும். ஃபில்டர் அழுக்கானால் இழுவை குறையும், அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்கெல்லாம் முன், மைலேஜைச் சரியாக அளந்தீர்களா என்று கேட்பேன். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட வேண்டும். டேஷ்போர்டு காட்டுவது உத்தேசம். கரியும் இல்லை, கரும்புகையும் இல்லை, மைலேஜ் மட்டும் குறைகிறது என்றால் டயர் காற்றையும், பிரேக் பிடித்தபடியே உருள்கிறதா என்பதையும் பாருங்கள்.

கரும்புகையோடு மாதக்கணக்கில் ஓட்டுவது மட்டும் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், உள்ளிருக்கும் பீங்கான் உருகும். ஒரு பின்னின் களிம்பில் தொடங்கிய கோளாறு அங்கே போய் நின்றால் செலவு தாங்காது. ரிச்சாக ஓடும் வண்டியை மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட்டில் விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார். மைலேஜ் 15க்கு வந்துவிட்டதாம். ஆனாலும் குரலில் பயம். "டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கும் அண்ணே, இப்போ பாதிக்கு ஏறி நிக்குது. இன்ஜின் சூடாகுதா?"

"அது அங்கதான் நிக்கணும்" என்றேன்.