கார் விபத்தில் காயமா? இழப்பீடு கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் கூடியதும் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "கேஸ் எல்லாம் எதுக்கு, பேசி முடிச்சுக்குங்க." இடித்த காரின் டிரைவரும் கையில் இருப்பதை நீட்டுவார். அவரைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால், உங்கள் காயத்துக்கான இழப்பீட்டை அவர் தன் பையிலிருந்து எடுத்துத் தரப்போவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிதான் தரும். அதற்காகத்தான் மோட்டார் வாகனச் சட்டம், 1988, ஒவ்வொரு வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை, அதாவது அந்த வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டை, கட்டாயமாக்கியிருக்கிறது. டிரைவர் மேல் இரக்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் வந்தால், நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான்.

முதலில் சிகிச்சை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்து நடந்ததிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சத்துக்குள் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

மருத்துவமனையில் சேர்க்கும்போது என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பதற்றத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துட்டார்' என்று யாராவது சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும். பிற்பாடு, இடித்ததாகச் சொல்லும் கார் எங்கிருந்து வந்தது என்று கம்பெனியின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அதனால் கார் இடித்தது என்பதையும், தெரிந்தால் வண்டி எண்ணையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், சம்பளச் சான்று என்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள். கேட்டு வரும் தொகையில் பாதி இந்த ஃபைலில்தான் இருக்கிறது.

2022-இல் வந்த விதிகளின்படி, விபத்து பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையை, விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அனுப்பியிருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், ஸ்டேஷனில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு போட 6 மாதம்தான் கெடு. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன; அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் ஆகியவற்றில் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் மனு போடலாம்.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. பலர் சறுக்குவதும் இங்கேதான். சட்டத்தின் 164-ஆவது பிரிவில், யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும், உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கிடைக்கும். 166-ஆவது பிரிவில் டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும்; ஆனால் நிலையான தொகை என்று எதுவும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. 164-இன் பணத்தை ஏற்றுக்கொண்டால் 166-இல் போட்ட மனு காலாவதியாகிவிடும்.

என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 32 வயதுக்காரர், மாதம் ரூ.15,000 சம்பாதிப்பவர், விபத்தால் சம்பாதிக்கும் திறனில் 40% இழந்து, 166-இல் மனு போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கு எண் 16. ஆண்டு வருமானம் ரூ.1,80,000-ஐ 16-ஆல் பெருக்கி 40% எடுத்தால் ரூ.11,52,000. மருத்துவச் செலவு, படுத்திருந்த நாட்களின் சம்பளம், வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகை எல்லாம் இதற்கு மேல். டாக்டர் எழுதும் ஊன சதவீதம் அப்படியே கணக்கில் வராது என்பதையும் கவனியுங்கள். இடது கையை இழந்தவர் தச்சர் என்றால் பிழைப்பே போய்விட்டது, கிட்டத்தட்ட 100% இழப்பு. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையில் தொடர முடியலாம். 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது இதைத்தான். அதனால் உங்கள் தொழில் என்ன, அதில் அந்தக் கைக்கோ காலுக்கோ என்ன வேலை என்பதை மனுவிலேயே விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியவில்லை என்றால் தாசில்தார் அல்லது கோட்ட வருவாய் அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கொடுங்காயத்துக்கு ரூ.50,000, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம். குறைவுதான்.

அப்புறம், காருக்குள் இருந்தவர்கள். உங்கள் சொந்தக் கார் உங்கள் தவறால் மரத்தில் மோதினால் நீங்கள் தேர்டு பார்ட்டி ஆக மாட்டீர்கள். உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருப்பவருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், அது உயிரிழப்புக்கும் கை, கால், பார்வை இழப்பு போன்ற பெரிய ஊனத்துக்கும் உதவும். சாதாரண எலும்பு முறிவுக்கு உதவாது. கூட வந்த உறவினர்கள், நண்பர்களுக்கும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் வரும். காரில் நாலு பேரை ஏற்றிப் போகும் வழக்கம் இருந்தால், உங்கள் பாலிசியில் எது எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.