நிறம் மாறிய ஒரு புள்ளி

1972-ல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. அன்று தொடங்கி இன்று வரை அந்த வரிசைச் செயற்கைக்கோள்கள் பூமியின் தரையைப் படமெடுத்துக்கொண்டே இருக்கின்றன. 2008-ல் அந்தப் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். காடு வயலானதையும் வயல் ஊரானதையும் இன்று யார் வேண்டுமானாலும் வருடவாரியாகப் பார்க்கலாம்.

இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டையும் வைத்து ஒரு எண் போடுகிறார்கள். செழிப்பான பசுமை என்றால் எண் பெரிது, வெறும் மண் என்றால் சிறிது. இப்போதைய லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரே புள்ளியின் எண்களை வருடக்கணக்கில் வரிசையாக வைத்துப் பார்த்தால், மரம் வெட்டிய வருடத்தில் கோடு சரேலென்று இறங்குவது தெரியும்.

சரி, மாற்றம் நடந்தது தெரிந்துவிட்டது. அதனால் என்ன ஆனது? அதற்குத் தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். ரப்பர்த் தோட்டமும் இயற்கைக் காடும் மேலிருந்து பார்த்தால் இரண்டுமே பச்சைதான்.

அப்படித் தரையில் இறங்கிச் செய்த ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது, லேண்ட்சாட் காலத்துக்கும் முந்தையது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காட்டில், ஒரே மலைச்சரிவில் பல சிறு ஓடைகள். ஒவ்வொன்றுக்கும் தனி நீர்ப்பிடிப்பு, அதாவது மழைநீர் வடிந்து அந்த ஓடையில் சேரும் நிலப்பரப்பு. அடியில் கெட்டியான பாறை என்பதால் தண்ணீர் கீழே கசிந்து ஓடிவிட முடியாது. ஓடையின் முடிவில் 'வி' வடிவ வெட்டு வைத்த ஒரு தடுப்பு கட்டிவிட்டால், வெளியேறும் தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே அளக்கலாம், பாட்டிலில் பிடித்துச் சோதிக்கலாம்.

1965 கடைசியில் ஒரு நீர்ப்பிடிப்பில் இருந்த மரங்களை மொத்தமாக வெட்டி அப்படியே போட்டுவிட்டார்கள். மறுபடி துளிர்க்காமல் இருக்கக் களைக்கொல்லியும் அடித்தார்கள். பக்கத்து நீர்ப்பிடிப்பில் கை வைக்கவில்லை. ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஓடையில் தெரியும் மாற்றம் அந்த வருட மழையால் வந்ததா, வெட்டியதால் வந்ததா என்று சொல்ல, தொடாத அந்தக் காடு வேண்டும்.

முதல் வருடமே, வெட்டாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய அளவைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகத் தண்ணீர் ஓடிவந்தது. உறிஞ்சி ஆவியாக்க மரம் இல்லையே! அப்புறம்தான் அதிர்ச்சி. ஓடை நீரில் செடிகளுக்குச் சத்தாகும் நைட்ரேட் பல பத்து மடங்கு ஏறி, குடிநீருக்கான வரம்பையே தாண்டிவிட்டது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மக்கும் இலைதழைகளிலிருந்து நைட்ரேட்டைத் தயாரித்துக்கொண்டே இருந்தன, எடுத்துக்கொள்ள வேர்கள்தான் இல்லை. கூடவே கால்சியமும் கரைந்து போனது. காடு எவ்வளவு சத்தைப் பிடித்து வைத்திருந்தது என்பது, அது போன பிறகு ஓடையில் எண்ணாக வந்து நின்றது.

முழுக்க வெட்டாமல் துண்டு துண்டாக விட்டால்? பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு வடக்கே சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979-ல் தொடங்கிய ஆய்வு அதைத்தான் கேட்டது. 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகள். ஓரங்களில் வெயிலும் காற்றும் புகுந்து பெரிய மரங்கள் சாய்ந்தன. எறும்புப் படையின் பின்னால் திரிந்து இரை பிடிக்கும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து காணாமல் போயின. ஒரு எறும்புக் கூட்டம் சுற்றித் திரியவே அந்த இடம் போதவில்லை.

நிலம் மாறியதால் மனிதர்களுக்கு என்ன ஆனது என்று அளப்பதுதான் கடினம். ஊரை வைத்துச் சோதனை செய்ய முடியாது. அதனால் மண், மழை, சாலைத் தூரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, நிலம் மட்டும் மாறிய ஊரையும் மாறாத ஊரையும் தேடிப்பிடித்து ஒப்பிடுகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள்: தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், விறகு எங்கே கிடைக்கிறது, கூலி வேலை எத்தனை நாள்? இங்கே சராசரியை மட்டும் பார்ப்பது பெரிய தவறு என்பேன். நிலத்தை விற்றவர் கையில் பணம் வந்திருக்கும், அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவருக்கு ஒன்றும் வந்திருக்காது. இரண்டையும் கூட்டி வகுத்தால் ஊர் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஊராரிடம் விரித்துக் காட்டுவதும் உண்டு. கணினி 'வெற்று நிலம்' என்று பழுப்பு நிறம் தீட்டிய இடத்தில் ஒருவர் விரல் வைப்பார். மழை முடிந்த இரண்டு மாதம் எங்கள் மாடெல்லாம் இங்கேதான் மேயும் என்பார்.