ரத்தச்சோகைக்குப் பின்னால் ஒளியும் காரீயம்

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிச் சிறுவன் ஒருவன் வெளிறிய முகத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், மருத்துவரின் நினைப்பு முதலில், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகைக்குப் போகும். போகத்தான் வேண்டும். இந்தியாவில் அந்த மரபணு முதன்முதலாகப் பதிவானதே 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அடுத்த சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு, கொக்கிப்புழு. இவற்றில் ஒன்று உறுதியானதும் தேடல் நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்று இருப்பதாலேயே உடலில் காரீயம் (லெட் என்ற உலோகம்) ஏறவில்லை என்றாகிவிடாது.

இரும்புக் குறைவு காரீயத்துக்குக் கதவையே திறந்துவிடுகிறது. குடலில் இரும்பை உள்ளே எடுக்கும் புரதம் காரீயத்தையும் எடுக்கும். இரும்பு குறையக் குறைய உடல் அந்தப் புரதத்தைக் கூட்டும். சாப்பாட்டோடு கடுந்தேநீர் குடித்தால் இரும்பு சேர்வது குறையும் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடலில் சேர்வது பத்தில் ஒரு பங்கு. குழந்தை உடலில் ஏறக்குறைய பாதி.

உள்ளே போன காரீயம், ஹீமோகுளோபினின் இரும்புப் பகுதியான ஹீம் உருவாகத் தேவையான நொதிகளை முடக்குகிறது. இன்னொரு நொதி முடங்குவதால் சிவப்பணுவில் ஆர்.என்.ஏ. எச்சங்கள் நீலப் புள்ளிகளாகத் தங்கிவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும்போது இவை தெரிந்தால் நல்ல துப்புதான், ஆனால் தீர்ப்பல்ல. தாலசீமியா என்ற பரம்பரைச் சோகையிலும் அரிவாள் செல் சோகையிலும் இதே புள்ளிகள் வரும். உதகை போன்ற 2,240 மீட்டர் உயரத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும் என்பதால், சமவெளி அளவுகோலை வைத்தால் லேசான சோகை கண்ணில் படாமலே போகும். பெரியவர்களுக்கு மலச்சிக்கலோடு வயிற்றுவலி, மணிக்கட்டு தொங்குதல் வரலாம். பெரும்பாலான குழந்தைகளிடம் வெளிப்படையான அறிகுறியே இராது.

ஆகவே ரத்தத்தில் காரீய அளவைப் பார்த்தே ஆக வேண்டும். விரல்நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசி அளவை உயர்த்திக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குத்த வேண்டும், அளவு கூடுதலாக வந்தால் சிரையில் (ரத்தக்குழாயில்) எடுத்த ரத்தத்தால் உறுதிப்படுத்த வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மூலத்தைத் தேடித் தடுக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு.

மூலத்தைத் தேட, கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். "வீட்டில் காரீயம் இருக்கிறதா?" என்றால் எல்லாரும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். அதனால் காரீயம் வரக்கூடிய வழிகளைத்தான் கேட்க வேண்டும். சோலார் வேலியின் பழைய பேட்டரியை யார் பிரித்தார்கள், உருக்கினார்களா, அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் வந்தார்களா? குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் பங்களாக்களில் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்களா? மிருதார்சிங்கி (காரீய ஆக்சைடு), செந்தூரம் சேர்ந்த மருந்து ஏதும் உண்டா? பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசியது யார்? மலிவான மஞ்சள்தூள் அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருக்கிறதா? வயிற்று எக்ஸ்-ரேயில் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால், விழுங்கியது இன்னும் குடலில் கிடக்கிறது என்று பொருள். அதை முதலில் கழுவி வெளியேற்ற வேண்டும்.

சிகிச்சையில் முதலிடம் மூலத்தை அகற்றுவதற்கு. இரும்பு, கால்சியம் குறைவை ஈடுகட்டுவது அடுத்தது. காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து, குழந்தைகளுக்கு ரத்த அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான். 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், மருந்து ரத்த அளவைக் குறைத்தது, அறிவுத்திறனை உயர்த்தவில்லை. வழக்கமான மருந்து சக்ஸிமர்: எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 நாள், பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 14 நாள்.

வலிப்பு, மயக்கம் என்று மூளை பாதிக்கப்பட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவில் முதலில் டைமெர்காப்ரால் ஊசி, 4 மணி நேரம் கழித்துக் கால்சியம் டைசோடியம் எடிடேட். டைமெர்காப்ரால் கடலை எண்ணெயில் கரைத்த மருந்து. கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு இருந்தால் சிவப்பணுக்கள் உடையலாம். இந்த ஊசி போகும் நாட்களில் இரும்பு மருந்தையும் நிறுத்திவைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் நச்சுக் கூட்டு உண்டாகும். எடிடேட் மருந்தின் பெயரில் 'கால்சியம்' இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பது நல்லது. அது இல்லாத டைசோடியம் எடிடேட், ரத்தத்தின் கால்சியத்தை இழுத்து இதயத்தை நிறுத்தியிருக்கிறது.

மருந்து முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் அளவு மறுபடி ஏறும். எலும்பில் தங்கியது ரத்தத்துக்குத் திரும்புவதால் வரும் ஏற்றம் அது. மருந்து தோற்றதாக எண்ண வேண்டாம். சிகிச்சைக்கு முந்தைய அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ மட்டும், அடுத்த சுற்று மருந்துக்கு முன் அந்த வீட்டை மறுபடி ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.