அமெச்சூர் என்றால் கத்துக்குட்டியா?

மெய்ப்புப் பார்க்க வந்த, ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வரி இருந்தது: 'யூரி ஃபோர்மேன் இஸ்ரேலில் மூன்று முறை தேசியக் கத்துக்குட்டிச் சாம்பியன்.' நாடு முழுக்க இருந்து வந்தவர்களை அடித்து ஜெயித்தவன் எப்படி ஐயா கத்துக்குட்டி ஆவான்? ஆனால் 'அமெச்சூர்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படித் தமிழாக்கியவரைக் குறை சொல்லவும் முடியாது. அகராதியைப் பிரித்தால் 'அமெச்சூர்' என்பதற்கு அந்தப் பொருளும் இருக்கிறது. அரைகுறையாகச் செய்த வேலையை 'அமெச்சூர்த்தனம்' என்று நாமே சொல்கிறோம்.

சொல்லின் வேர் லத்தீன். அங்கே 'அமாரே' என்றால் நேசிப்பது, நேசிப்பவர் 'அமாதோர்'. அது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஓவியம், இசை போன்றவற்றில் பிரியம் உள்ளவர் என்பதுதான் அப்போதைய பொருள். காசுப் பேச்சு பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

அதை ஒட்டவைத்தது விக்டோரியா காலத்து இங்கிலாந்து. விளையாட்டில் அமெச்சூர் என்றால் காசு வாங்காதவர் என்று விதி போட்டார்கள். சரி, நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப்போட்டியில், கூலிக்கு உடலுழைப்பு செய்பவர் அமெச்சூரே அல்ல என்று ஒரு விதி இருந்தது. 1920-இல் அமெரிக்கரான ஜான் கெல்லி போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது மறுத்துவிட்டார்கள். அவர் கொத்தனார் வேலை பார்த்தவர் என்பதும் ஒரு காரணம். அதே வருடம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கினார். (நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா இவர்தான்.) நேசிப்பதற்கும் வசதி வேண்டும் என்று ஆகிவிட்டது அங்கே.

குத்துச்சண்டையில் கதை வேறு. அதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1880-இல் தொடங்கியது. அன்றிலிருந்து இரண்டு தனி உலகங்கள். அமெச்சூர் வீரர் பனியன் போட்டுக்கொண்டு, இன்றைய கணக்கில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று ஆடுவார், கிடைப்பது பதக்கம். தொழில்முறை வீரர் வெற்று மார்போடு பன்னிரண்டு சுற்று வரை போவார், கிடைப்பது பணம். திறமைக்கும் இந்தப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை.

மேலே சொன்ன ஃபோர்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் சோவியத் பெலாரூஸின் கோமெல் நகரில் பிறந்த யூதர். நீச்சல் பழகிய இடத்தில் பையன்கள் அடித்ததால், திருப்பி அடிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மாதான் குத்துச்சண்டைக்குக் கொண்டுபோய் விட்டார். அப்போது ஏழு வயது. சோவியத் உடையும் சமயத்தில் குடும்பம் இஸ்ரேலுக்குப் போய் ஹைஃபாவில் குடியேறியது. பழக இடம் தேடியவர் கடைசியில் அரபுக்காரர்களின் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் எல்லோரும் முறைத்தார்களாம். வந்திருக்கும் ரஷ்யப் பையனைக் குத்திப் பார்க்க ஆளாளுக்கு ஆசை. போகப்போக அவர்களே கூட்டாளிகள் ஆனார்கள். அந்த நாட்டுத் தேசியப் பட்டத்தைத்தான் மூன்று முறை வென்றார்.

1999-இல் மறுபடியும் நாடு மாற்றம். நியூயார்க்கில் பகலில் துணிக்கடை வட்டாரத்தில் எடுபிடி வேலை, சாயங்காலம் புரூக்ளினில் க்ளீசன்ஸ் பயிற்சிக்கூடம். 2001-இல் 'கோல்டன் குளோவ்ஸ்' வென்றார். அமெரிக்க அமெச்சூர் போட்டிகளில் பேர்போன ஒன்று அது. ஜெயித்தவருக்குச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்ள ஒரு குட்டித் தங்கக் கையுறை. 2002-இல் தொழில்முறைக்கு மாறினார். 2009 நவம்பரில் லாஸ் வேகாஸில் டேனியல் சான்டோஸை வென்று டபிள்யூ.பி.ஏ. (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) உலகப் பட்டம். அடுத்த ஜூனில் யாங்கி மைதானத்தில் மிகேல் கோட்டோவிடம் அதை இழந்தார். நடுவில் முழங்கால் பிசகியும் நொண்டிக்கொண்டே ஆடினார். ரிங்கில் ஆடிக்கொண்டே மதக்கல்வி படித்தவர், 2014-இல் ரப்பி, அதாவது யூத மதகுரு, ஆகிவிட்டார்.

கவனியுங்கள்: 2001-இல் அமெச்சூர், 2002-இல் தொழில்முறை. இடையில் திடீரென்று வித்தை கைவந்துவிடவில்லை. மாறியது சம்பளம்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'ஆர்வலர்' என்று எழுத எனக்கு ஆசைதான். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். லத்தீன் 'அமாதோர்' அப்படியே வந்து உட்கார்கிறது. ஆனால் இன்று 'குத்துச்சண்டை ஆர்வலர்' என்றால் டிவி முன்னால் உட்கார்ந்து கத்துகிறவர்தான் நினைவுக்கு வருவார். 'சமூக ஆர்வலர்' வேறு அந்தச் சொல்லை வளைத்துப்போட்டுவிட்டார். 'தொழில்முறை சாராத' என்பதில் தப்பில்லை. ஆனால் ஒருவரை இன்னார் இல்லை என்று சொல்லியே அறிமுகப்படுத்துவது என்ன பழக்கம்?

நாடக உலகம் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பிழைப்புக்கு நடித்தவர்கள் அல்ல. இந்த மாதிரிக் குழுக்களை நாடக வரலாறு எழுதியவர்கள் 'பயில்முறைக் குழு' என்றார்கள். மற்றவை 'தொழில்முறைக் குழு'. ஜோடி காதுக்கும் பொருந்துகிறது. பயிலுதல் என்பதில் கற்பது மட்டுமில்லை, விடாமல் பழகுவதும் இருக்கிறது. இன்னும் பயிற்சியில் இருப்பவன் என்று யாராவது மயங்கக்கூடும் என்பது ஒன்றுதான் குறை.

இன்னொன்று, அமெச்சூர் கபடிக் கழகம் என்று பலகை மாட்டிய ஊர் இது. அமெச்சூர் என்றே எழுதினாலும் குடி முழுகாது. நான் அந்த வரியில் 'கத்துக்குட்டி'யை அடித்துவிட்டுப் 'பயில்முறை' என்று எழுதினேன். தலைப்பில் இடம் போதவில்லை. அங்கே 'அமெச்சூர்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.