திராட்சைத் தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன்

பினாங்கில் சனிக்கிழமைதோறும் புகைப்படமும் நீர்வண்ண ஓவியமும் கற்றுக்கொடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று மாணவர்களாவது குடும்பத்தோடு மெல்பர்ன் பக்கமோ பெர்த் பக்கமோ போய் வருவார்கள். புறப்படும் முன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சார், திராட்சைத் தோட்டம் எந்த மாசம் அழகா இருக்கும்?" நான் முதலில் அவர்களுடைய சப்பாத்தைப் பற்றித்தான் பேசுவேன். அதற்குக் காரணம் உண்டு.

பல வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம், விக்டோரியா மாநிலத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் மழை. காலையில் ஒரு தோட்டத்தில் படம் எடுத்துவிட்டு, மதியம் இன்னொரு தோட்டத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினேன். கொடிகளைக் கம்பி கட்டி வரிசையாக நட்டிருப்பார்கள், பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் நிரை என்போமே, அதே மாதிரி. அதில் ஒரு நிரை முழுக்கக் கருஞ்சிவப்பு. கதவு திறந்திருந்தது. உள்ளே போய்விட்டேன்.

பத்து நிமிடத்தில் வயதான ஒரு பெண்மணி வந்தார். அந்தத் தோட்டம் அவருடையது. அவர் கோபப்படவில்லை, யார் என்று கூடக் கேட்கவில்லை. "காலையில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. என்னை அப்படியே சாலைக்குத் திரும்பி வரச் சொல்லி, ஒரு வாளியில் குளோரின் கலந்த தண்ணீரும் தேய்க்கும் பிரஷும் கொண்டுவந்து வைத்தார். சப்பாத்தின் அடியில் இருந்த பள்ளங்களிலெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. குச்சியால் கிளறி எடுத்து, தேய்த்து, முக்கி, திரும்பத் தேய்த்தேன். கேமரா முக்காலியின் கால்களையும் விடவில்லை.

அவர் பயந்தது ஃபைலோக்சராவுக்கு. அசுவினிக்கு உறவான பூச்சி, ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வேர் வீங்கி, அழுகி, சில வருடங்களில் கொடி செத்துப்போகும். மருந்து கிடையாது. வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 1860களில் பிரான்சுக்குள் வந்து அந்நாட்டுத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1877ல் ஜீலாங் அருகே முதலில் தென்பட்டது. நம்மவர்கள் அதிகம் போகும் யாரா பள்ளத்தாக்கில் 2006ல் கண்டுபிடித்தார்கள். தென் ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் அங்குள்ள பரோசாவில் 1840களில் நட்ட கொடிகள் சொந்த வேரிலேயே நின்று இன்னும் காய்க்கின்றன. பூச்சி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் மண் ஒட்டிய சப்பாத்திலும் உடையிலும் கார்ச் சக்கரத்திலும்தான். படம் எடுக்கிற நாமோ ஒரே நாளில் நாலு தோட்டம் ஏறி இறங்குகிறோம்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. பால்மரத்துக்குத் தென் அமெரிக்க இலைக்கருகல் என்று ஒரு நோய் உண்டு. ஹென்றி ஃபோர்டு 1928ல் பிரேசிலில் ஆரம்பித்த ரப்பர் தோட்டத் திட்டம் வீழ்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். அந்த நோய் இந்த நாட்டுக்குள் வராததால்தான் என் அப்பாவால் கடைசிவரை மரம் சீவிக் குடும்பத்தைக் காப்பாற்ற முடிந்தது. எவனோ ஒருவன் சப்பாத்தில் அதைக் கொண்டுவந்து அப்பாவின் நிரைக்குள் நுழைந்திருந்தால்? அந்தப் பெண்மணி வாளியோடு நின்றபோது எனக்கு அதுதான் ஓடியது.

சரி, அந்தச் சிவப்பு நிரைக்கு வருகிறேன். சப்பாத்து சுத்தமான பிறகு அவரே என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு இலையைப் பறித்துக் கையில் கொடுத்தார். இலை சிவப்பு, நரம்புகள் மட்டும் பச்சை. ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. "இது இலையுதிர் காலம் இல்லை, வியாதி" என்றார். இலைச்சுருள் வைரஸ். மாவுப்பூச்சியாலும் நோயுள்ள குச்சியை வெட்டி நடுவதாலும் பரவும், பழத்தில் இனிப்பு ஏறுவதைத் தடுக்கும். சிவப்பாக மாறும் எல்லா இலையும் நோய்ப்பட்டது என்று சொல்ல வரவில்லை. கருந்திராட்சை வகைகளில் நல்ல கொடியும் சிவக்கும், வெள்ளைத் திராட்சை மஞ்சளாகும். உறுதியாகத் தெரிய ஆய்வுக்கூடப் பரிசோதனை வேண்டும். ஆனால் பச்சை நரம்பும் சுருண்ட ஓரமும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். 'இலையுதிர்காலப் பேரழகு' என்று நாம் பகிரும் படங்களில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று அன்றிலிருந்து பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்தச் சிவப்பு நிரையின் படத்தை வகுப்பில் மாட்டியிருக்கிறேன், கீழே நோயின் பெயரையும் எழுதி.

இனி, எந்த மாதம் என்ற கேள்வி. தெற்கே பருவங்கள் தலைகீழ், அதனால் நம் பண்டிகைகளை வைத்தே கணக்குப் போடலாம். தைப்பூசம் ஒட்டிய வாரங்களில் காய் நிறம் மாறும். ஒரே குலையில் பச்சை, இளஞ்சிவப்பு, கருநீலம் மூன்றும் நிற்பது அப்போதுதான். மாசி, பங்குனியில் அறுவடை. பறவைக்கு வலை போர்த்தியிருப்பார்கள். படம் கெட்டுவிட்டது என்று பலர் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அந்த வலைக்குள் விழும் வெளிச்சம் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் இலை நிறம் மாறி உதிரும். ஆடியில் மொட்டைக் கொடி, கவாத்து வெட்டும் காலம். தீபாவளிக்குப் பிறகு பூ. அதைப் பூ என்று நம்பவே மாட்டீர்கள், கடுகை விடக் கொஞ்சம் பெரிய பச்சை மொட்டு. தொப்பி மாதிரி மேல்மூடி கழன்று விழ, உள்ளிருந்து இழைகள் நீட்டும். மேக்ரோ லென்ஸ் இருந்தால் அரை நாள் அங்கேயே போய்விடும்.

என்னைக் கேட்டால் மிகச் சிறந்த நேரம் ஆவணி, புரட்டாசி. யாரும் போகாத காலம். மண் சூடேறியதும் வேர் விழித்துக்கொண்டு, கவாத்து வெட்டிய நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டும். நிறமே இல்லாத துளி, உருண்டு திரண்டு, வெயிலைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்று விழும். மரம் சீவியவர் பிள்ளை நான். வெட்டிய இடத்திலிருந்து ரப்பர் பால் சொட்டி மங்குக் கிண்ணத்தில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்!

பருவங்களைத் தொடர்ந்து பதிய நினைத்தால் இடத்தை மாற்றாதீர்கள். சாலையோரத்திலேயே ஒரு கம்பத்தைக் குறித்துக்கொண்டு, அதே லென்ஸ், அதே உயரம், ஏறக்குறைய அதே நேரம். போன முறை எடுத்த படத்தை ஃபோனில் வைத்து ஒப்பிட்டுச் சட்டகத்தைப் பொருத்துங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விட்டால் கேமரா பொன்மஞ்சளை ஏதோ கோளாறு என்று நினைத்துக் குறைத்துவிடும், டேலைட்டில் நிறுத்திவிடுங்கள். நிறச் செறிவைக் கூட்டும் பட்டனைத் தொடவே வேண்டாம். கூட்டிவிட்டால் பச்சை நரம்பு சிவப்பில் மறைந்துபோகும், கொடி சொல்ல வந்ததும் அதோடு போய்விடும்.

தீட்டுகிறவர்கள் வான்கோவைப் பார்க்க வேண்டும். 1888 அக்டோபர் ஆரம்பத்தில் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகருக்கு வெளியே பச்சைத் தோட்டத்தைத் தீட்டினார். நவம்பரில் சிவப்புத் தோட்டம். மழை விட்ட ஒரு மாலையில் நடந்துபோகும்போது பார்த்ததை, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து தீட்டியது அது. இடையில் ஐந்தாறு வாரம்தான், இரண்டும் ஒரே ஊர்ப் பக்கம் என்றே தோன்றாது. சிவப்புத் தோட்டத்தை 1890ல் ஆனா போக் என்ற பெல்ஜிய ஓவியர் 400 ஃபிராங்குக்கு வாங்கினார், இப்போது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வான்கோ பயன்படுத்திய சிவப்புகளில் சில வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியவை. அதே அக்டோபரில் தீட்டிய படுக்கையறை ஓவியத்தில் சுவர் முதலில் ஊதாவாக இருந்தது. சிவப்பு வெளுத்ததால் இன்று நீலமாகத் தெரிகிறது. ஆகவே வண்ணப் பெட்டியில் இருக்கும் அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பைத் திருப்பிப் பார்த்து, வெளுக்காத வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் வெயிலுக்கு ஜன்னலோரம் மாட்டிய படம் சீக்கிரமே வெளிறும்.

தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் போகலாம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கேதான். கொடி தலைக்கு மேல் பந்தலில் படரும், கீழே நின்று அண்ணாந்து எடுக்க வேண்டும். குளிர்காலம் இல்லாத ஊர் என்பதால் பருவத்தை உண்டாக்குவதே விவசாயியின் கவாத்துக் கத்திதான். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்று பூத்திருக்கும், ஒன்று பழுத்திருக்கும்.

டிக்கெட் எடுக்க வசதியில்லை என்று தயங்குகிறவர்களுக்கு நம் பால்மரங்கள் இருக்கின்றன. தை, மாசி வெயிலில் கூலிம் போகும் வழியில் மிச்சமிருக்கும் பால்மரக் காடுகளில் இலை செம்பழுப்பாகி உதிரும். பால் குறையும் காலம் அது. பிறகு துளிர் தாமிர நிறத்தில் வரும். ஒரே மரத்தை வாரம் ஒருமுறை எடுத்துப் பழகுங்கள். அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

வரும் சித்திரையில் ஆஸ்திரேலியா போகிறவர்கள், புறப்படும் முந்தின சனிக்கிழமை போட்டுப்போகும் சப்பாத்தை வகுப்புக்கு எடுத்து வாருங்கள். வாளியும் பிரஷும் நான் வைத்திருக்கிறேன்.