மரத்தை நிறுத்தி இலையைக் கரைக்கும் கேமரா

கேமரா ஆடக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லித்தருவார்கள். இயற்கையை ஓவியம் போலப் படமெடுக்கிறவர்களோ, கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டர் திறந்திருக்கும்போதே வேண்டுமென்று கேமராவை நகர்த்துகிறார்கள். அதில் வரும் கலங்கல் ஏனோதானோவென்று வருவதில்லை. படத்தில் எது தங்க வேண்டும், எது கரைய வேண்டும் என்பதை நகர்த்தும் திசைதான் முடிவு செய்கிறது.

ஒரு சவுக்குத் தோப்பை எடுத்துக்கொள்வோம். ஷட்டர் அரை நொடி திறந்திருக்க, கேமராவை மேலிருந்து கீழே சீராக இறக்குகிறோம். ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் அந்த அரை நொடியில் தன்மேல் விழும் ஒளியை எல்லாம் கூட்டிக்கொண்டே போகும். மரத்தண்டின் பிம்பம் தன் நீளவாக்கிலேயே வழுக்குவதால், தண்டு விழுந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தண்டின் நிறமே விழுகிறது. இரண்டு ஓரங்களும் ஓரளவு கூர்மையாக நிற்கும். பட்டையின் வெடிப்பு, குறுக்கே போகும் கிளை, தரையில் கிடக்கும் சருகு எல்லாம் இழுபட்டுப் பக்கத்து நிறங்களோடு கலந்துவிடும். அதே தோப்பில் கேமராவைப் பக்கவாட்டில் வீசினால் தண்டுகளே காணாமல் போகும். கடலுக்குப் பக்கவாட்டு அசைவுதான் சரி, அடிவானம் கிடைக்கோடாயிற்றே!

இலை ஒன்றுகூடத் தெரியாத படத்தையும் பார்த்தவுடன் காடு என்கிறோம். நம் பார்வையின் நடுவில் ஏறக்குறைய 2 டிகிரி அகலத்துக்குத்தான் முழுக் கூர்மை உண்டு. மற்ற இடமெல்லாம் பரும்படியான நிறமும் உருவமும்தான். ஒரு இடத்தை அடையாளம் காண மூளைக்கு அதுவே பெரும்பாலும் போதும். நுணுக்கத்தை விட்டு ஒளியையும் நிறத்தையும் தீட்டிய இம்ப்ரெஷனிச ஓவியர்கள் கண்டுகொண்டதும் இதைத்தான். 1874-இல் அவர்களுடைய முதல் கண்காட்சி நடந்தது பாரிஸில், நதார் என்ற புகைப்படக் கலைஞரின் பழைய ஸ்டூடியோவில் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

சரி, பட்டப்பகலில் அரை நொடிக்கு எங்கே போவது? நல்ல வெயிலில் சென்சாரின் ஒளியுணர்வைக் குறைத்து (ஐஎஸ்ஓ 100), லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி (எஃப்/22) வைத்தாலும் 1/50 நொடியிலேயே படத்துக்கு வேண்டிய ஒளி நிறைந்துவிடும். ஒளியை 16-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் என்ற மங்கலான கண்ணாடியை லென்ஸின் முன்னால் மாட்டினால் சுமார் 1/3 நொடி கிடைக்கும். மேகமூட்டமான காலையில் தோப்புக்குள் ஃபில்டரே தேவைப்படாது. வானத்தை மட்டும் சட்டகத்துக்குள் விடாதீர்கள். அதன் வெளிச்சம் ஒரு முறை பதிந்துவிட்டால், பிறகு அந்தப் புள்ளியைக் கடக்கும் இருட்டால் அதை அழிக்க முடியாது.

அப்புறம், லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள்; அது நம் அசைவுக்கு எதிராக வேலை செய்யும். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே கேமராவை நகர்த்தத் தொடங்கி, ஷட்டர் மூடிய பிறகும் நிறுத்தாமல் தொடருங்கள். நடுவில் கை கொஞ்சம் தயங்கினாலும் அந்த இடத்தில் கிளைகளின் அச்சு தனியாகப் பதிந்துவிடும்.